“நாங்க மண்ணுல புரண்டு வளரலையா?”

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கேட்க ஒரு பெரியவர் நிச்சயம் இருப்பார். எங்கள் வீட்டில் அம்மாச்சி. அவர் பெற்றது எட்டு, தங்கியது ஐந்து. மண்ணில் புரண்டதால் என்ன ஆயிற்று என்று சொல்ல மற்ற மூன்று பேரும் இல்லை. பிழைத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு.

ஆனாலும் அம்மாச்சி சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. பூர்விகம், சாப்பாடு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆமிஷ் வீட்டுப் பிள்ளைகள் மாட்டுத்தொழுவத்தில் ஓடியாடி வளர்கிறார்கள். ஹட்டரைட்டுகளுடையது இயந்திரப் பண்ணை, வீட்டிலிருந்து தள்ளி. 2016இல் வந்த ஆய்வில் இரு பக்கமும் 30 பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஹட்டரைட் பிள்ளைகளில் 6 பேருக்கு ஆஸ்துமா, ஆமிஷ் பிள்ளைகளில் ஒருவருக்கும் இல்லை. ஆமிஷ் வீட்டுத் தூசியைச் செலுத்திய எலிகளுக்கும் மூச்சுக்குழல் ஒவ்வாமை குறைந்தது.

சரி, இதைப் படித்துவிட்டுக் கை கழுவுவதை விட்டுவிடலாமா? கூடாது. தொழுவத் தூசி வேறு, சாக்கடைத் தண்ணீர் வேறு. டைஃபாய்டு வந்து யாருக்கும் ஆஸ்துமா போனதில்லை. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழுதான் ஏறும், சத்து ஏறாது. சாப்பிடும் முன்னும் கழிப்பறை போன பின்னும் சோப்பு போட்டாக வேண்டும். அதற்காகத் தரையைத் தினம் மூன்று முறை கிருமிநாசினியால் துடைக்கவும் வேண்டாம். அப்புறம், சாதாரணச் சளிக்குப் பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது. அது சளி வைரஸை ஒன்றும் செய்யாது, குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களைத்தான் கொல்லும்.

எனக்குப் பெரிய பயம் வேறு. எங்கள் தெருப் பையன் ஒருவன், நாய்க்குட்டி கீறியதை மூன்று நாள் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்திருந்தான், அம்மா திட்டுவார் என்று. குளிப்பாட்டும்போதுதான் தெரிந்தது. குட்டிதானே, கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தென்பட்டுவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் பூசாமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாள் தள்ளித் தெரிந்தாலும் போக வேண்டும். அந்தப் பையன் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டான். இப்போது ஈ கடித்தாலும் வந்து காட்டுகிறான்.