அப்ரண்டிஸாகச் சேர்வது எப்படி, அதை வைத்து முன்னேறுவது எப்படி?

அப்ரண்டிஸ்ஷிப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். மாதம் எவ்வளவு தருவார்கள்? முடித்ததும் அங்கேயே வேலை போட்டுத் தருவார்களா? இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கப் போவது மூன்றாவது கேள்வி: அந்த இடத்தில் எனக்கு எதை, யார் கற்றுத்தரப் போகிறார்கள்? இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் இடத்தில் தொகை கொஞ்சம் குறைவென்றாலும் சேரலாம். பதிலே இல்லாத இடத்தில் தொகை எவ்வளவு என்றாலும் யோசிக்க வேண்டும்.

முதன்முறையாக இந்தப் பக்கம் வருபவர்களுக்காக, ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: எது அப்ரண்டிஸ்ஷிப், எது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வேலை செய்துகொண்டே ஒரு தொழிலை முழுதாகக் கற்பதுதான் தொழில் பழகுநர் பயிற்சி. அது முறையானதா என்று பார்க்க நான்கு விஷயங்கள் போதும். எழுத்தில் ஓர் ஒப்பந்தம், மாதாமாதம் ஒரு தொகை, எதை எப்போது கற்றுத்தருவார்கள் என்ற பாடத்திட்டம், முடிவில் வெளியிலும் செல்லுபடியாகும் சான்றிதழ். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

இன்டர்ன்ஷிப் என்பது வேறு. அது சில வாரங்களோ சில மாதங்களோ ஓர் அலுவலகத்தில் இருந்து பார்ப்பது. அதுவும் பயன்படும், ஆனால் அதை முடித்தவர் ஒரு தொழிலில் தேர்ந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்ரண்டிஸ்ஷிப் அப்படியில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான தொழில்களுக்கு இது இரண்டு முதல் மூன்றரை வருடம். வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில். அங்கே 320-க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இப்படி அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி உண்டு. சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடித்த இளைஞர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் தொழிற்பயிற்சிப் பாதையில்தான் போகிறார்கள். படிப்பு ஏறாதவர்களுக்கான மாற்றுவழி என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இதனால் வேலை கிடைப்பது ஏன் சுலபமாகிறது? புதிதாக ஒருவரை எடுக்கும் நிறுவனத்துக்கு அவர் எப்படி வேலை செய்வார் என்று தெரியாது. மதிப்பெண் பட்டியலில் அது இருக்காது. நேரத்துக்கு வருவாரா, தவறு நடந்தால் மறைப்பாரா சொல்வாரா, சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாரா என்பதெல்லாம் கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். அப்ரண்டிஸை அந்த நிறுவனம் ஒரு வருடமோ மூன்று வருடமோ பார்த்திருக்கிறது. வெளியே போனாலும், அப்படிப் பார்த்த ஒருவர் உங்களைப் பற்றிச் சொல்ல முடியும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் இளைஞர் வேலையின்மை நெடுங்காலமாகவே குறைவாக இருப்பதற்கு இந்த முறையும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

படி 2: தொழிலைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்

அப்ரண்டிஸ் என்றதும் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வங்கி, ஹோட்டல், மென்பொருள், ஆய்வகம், சரக்குப் போக்குவரத்து, காப்பீடு என்று எல்லாவற்றிலும் இது இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெரிய வங்கியான யுபிஎஸ்ஸின் தலைமைப் பொறுப்புக்கு வந்த செர்ஜியோ எர்மோட்டி, லுகானோ நகரில் ஒரு வங்கியில் அப்ரண்டிஸாகத்தான் தொடங்கினார்.

பெயரைக் கேட்டு ஒரு தொழிலில் சேராதீர்கள். முடிந்தால் ஒரு நாளாவது அந்த வேலை நடக்கும் இடத்தில் நின்று பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. சேரும் முன்பே பள்ளி மாணவர்கள் சில நாள் நிறுவனத்தில் போய் வேலையைத் தொட்டுப் பார்க்கலாம். அப்படி ஏற்பாடு இல்லாத இடத்திலும் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். வெல்டிங் பட்டறையின் சூடும் புகையும் உங்களுக்குச் சரிப்படுமா, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்ய முடியுமா, சமையலறையில் மற்றவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் வேலை உச்சத்தில் இருக்கும் என்பது ஒத்துவருமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே ஓர் இயந்திரத்தை மட்டும் இயக்கக் கற்றுத்தரும் பயிற்சி உடனே வேலை தரும். அந்த இயந்திரம் பழசானால் கற்றதும் பழசாகிவிடும். அளவெடுப்பது, வரைபடம் வாசிப்பது, பழுதைக் கண்டுபிடிப்பது, கணக்கு, வாடிக்கையாளரிடம் பேசுவது போன்ற எங்கும் எடுத்துப் போகக்கூடிய திறமைகள் பாடத்திட்டத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு பயிற்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால், அகலமானதை எடுங்கள் என்பேன்.

படி 3: இடத்தை விசாரியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. ஒரே தொழில், ஒரே சான்றிதழ், ஆனால் இரண்டு நிறுவனங்களில் கற்றுக்கொள்வது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கும். ஓரிடத்தில் ஆறாவது மாதத்திலேயே தனியாக ஒரு வேலையை ஒப்படைப்பார்கள். இன்னோரிடத்தில் வருடம் முழுக்கப் பெட்டி தூக்க வைப்பார்கள், அல்லது ஒரே பொத்தானை அழுத்த வைப்பார்கள். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அப்ரண்டிஸ் எடுக்கும் இடங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இளம்வயதில் ஒருவருடைய இரண்டு வருடத்தை இப்படி வீணாக்குவது பெரிய அநியாயம். ஜெர்மனியில் சட்டமே இதைப் பற்றிப் பேசுகிறது: பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் வேலைகளை மட்டும்தான் பழகுநரிடம் கொடுக்க வேண்டும்.

அங்கே இப்போது பயிற்சியில் இருப்பவரையும், போன வருடம் முடித்தவரையும் தேடிப் பேசுங்கள். மேலாளரிடம் கேட்பதைவிட இவர்களிடம் கேட்டால் உண்மை சீக்கிரம் வெளியே வரும். "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: போன வாரம் என்னென்ன வேலை செய்தீர்கள்? ஒன்று புரியவில்லை என்றால் யாரிடம் போவீர்கள்? எத்தனை பிரிவுகளில் மாற்றி மாற்றிப் போட்டார்கள்? வகுப்புக்கு விடுகிறார்களா, இல்லை, வேலை அதிகம் என்று நிறுத்திவிடுகிறார்களா? உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மிக முக்கியம். பாதிப் பேர் நடுவில் விட்டுப் போயிருந்தால் காரணம் தெரியாமல் அங்கே சேராதீர்கள்.

படி 4: விண்ணப்பமும் நேர்காணலும்

இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. அனுபவம் இல்லாதவரைத்தான் எடுக்கப் போகிறோம் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் இல்லாததை எழுத வேண்டாம். கைவேலை எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்: வீட்டில் மிக்ஸியைப் பிரித்துச் சரிசெய்தது, பள்ளி விழாவுக்கு ஒலிபெருக்கி வயரிங் செய்தது, சொந்தக்காரர் கடையில் கணக்கு எழுதியது. நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டால் எப்படிச் செய்தீர்கள், எங்கே சிக்கியது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "ஏன் இந்தத் தொழில்?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். இரண்டாம் படியில் நேரில் போய்ப் பார்த்திருந்தால் இதற்குத் தனியாகத் தயாராக வேண்டியதில்லை.

படி 5: ஒப்பந்தத்தை வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்

எவ்வளவு காலம், மாதத் தொகை எவ்வளவு, ஒவ்வொரு வருடமும் கூடுமா, வேலை நேரம், விடுப்பு, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் சம்மதிக்காதீர்கள், நகல் போதும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், எனவே உங்கள் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். உதாரணமாக, இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும். சேர்பவர் 18 வயதுக்குள் இருந்தால் பாதுகாவலரும் கையெழுத்திட வேண்டும். அதே சட்டத்தில் பழகுநர் ஒரு பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்குக் கிடையாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், "கண்டிப்பா பெர்மனென்ட் ஆக்கிடுவோம்" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொல்லும்போது அதை எழுத்தில் கேட்கத் தோன்றும்.

படி 6: முதல் சில மாதங்கள்

முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். வேகம் வராது, உடம்பு வலிக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் பேசும் வார்த்தைகளே புரியாது. விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் அது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. பல நாடுகளில் தொடக்கத்தில் தகுதிகாண் காலம் உண்டு. ஜெர்மனியில் ஒன்று முதல் நான்கு மாதம். நிறுவனம் உங்களைப் பார்க்கும் காலம் அது, நீங்களும் நிறுவனத்தைப் பார்க்கலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கூச்சமே வேண்டாம். சொல்லித்தராத இயந்திரத்தைத் தொடாதீர்கள். கண்ணாடி, கையுறை கேளுங்கள். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கையுறை போடக் கூடாது என்பது போன்ற விதிகளுக்குக் காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரணம் தெரிந்தால்தான் விதி மறக்காது.

படி 7: வேலை நோட்டு

நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். தினமும் வேலை முடிந்ததும் பத்து நிமிடம், ஒரு நோட்டில், அன்று செய்ததை எழுதுங்கள்.

லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் பழகும் பலரும் இப்படி எழுதுவார்கள்: "இன்று லேத்தில் வேலை செய்தேன்." இதனால் ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"25 மி.மீ. விட்டத்துக்கு ஒரு தண்டு கடைய வேண்டும். 0.05 மி.மீ. வரை கூடவோ குறையவோ இருக்கலாம். முதல் ஜாப் 24.90 வந்தது, ரிஜெக்ட். கிராஸ் ஸ்லைடை (வெட்டும் கருவியை நகர்த்தும் பகுதியை) பின்னால் எடுத்துவிட்டு மறுபடி அதே அளவுக்குக் கொண்டுவந்தபோது திருகில் இருந்த பேக்லாஷை, அதாவது தளர்வை, நான் கவனிக்கவில்லை. எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்பியே அளவுக்கு வர வேண்டும் என்று சார் காட்டினார். இரண்டாவது ஜாப் 24.98. ஓகே. கேட்க வேண்டியது: கடைசி வெட்டுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது?"

இந்த ஏழெட்டு வரியில் எல்லாமே இருக்கிறது: என்ன செய்தேன், என்ன தவறு, ஏன், எப்படிச் சரியானது, இன்னும் என்ன தெரியவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கடைசி வரியோடு போய் நில்லுங்கள். குறிப்பான கேள்வியோடு வருபவருக்குச் சொல்லித்தர யாருக்கும் மனம் வரும். ஹோட்டலில் இருப்பவர், வங்கியில் இருப்பவர், புரோகிராம் எழுதுபவர் எல்லோருக்கும் இதே மாதிரிதான். ஜெர்மனியில் இப்படிப்பட்ட பயிற்சிப் பதிவேடு இல்லாவிட்டால் இறுதித் தேர்வுக்கே உட்கார முடியாது.

எழுதி வைத்த நோட்டு ஒருவருடைய வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 14 வயதில், 1805-இல், லண்டனில் ஜார்ஜ் ரீபோ என்ற புத்தக பைண்டரிடம் ஏழு வருடத்துக்கு அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த அறிவியல் புத்தகங்களையும் படித்தார். 1812-இல் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுகளுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தது. கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தான் கற்ற தொழிலைக் கொண்டே அதைப் புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-இல், அந்தச் சொற்பொழிவுகள் நடந்த ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தது. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவரின் அறிவியல் வாழ்க்கை அங்கிருந்துதான் தொடங்கியது.

ரகசியமான வரைபடம், வாடிக்கையாளர் விவரம் போன்றவற்றை மட்டும் நோட்டில் எழுத வேண்டாம்.

படி 8: கற்றுத்தரவில்லை என்றால்

மூன்று நான்கு மாதமாகியும் ஒரே வேலைதான் என்றால் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். "எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை" என்று ஆரம்பித்தால் சண்டையாகும். நோட்டையும் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்து, "சார், இந்த ஐந்து பகுதியில் இரண்டுதான் ஆகியிருக்கிறது, மூன்றாவதை எப்போது ஆரம்பிக்கலாம்?" என்று கேளுங்கள். அப்புறமும் மாறவில்லை என்றால் பயிற்சியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பிடம் எழுத்தில் தெரிவிக்கலாம். அப்போதும் அந்த நோட்டு உதவும்.

படி 9: முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்குங்கள்

கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, இங்கேயே தொடர வாய்ப்பு உண்டா என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்றால் வெளியே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். இறுதித் தேர்வை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். வேலை தெரியும், சான்றிதழ் எதற்கு என்று நடுவில் விட்டவர்கள், அடுத்த நிறுவனத்தில் மறுபடி அடியிலிருந்து தொடங்க நேர்கிறது.

மேலே படிக்கும் வழியும் அடைபடுவதில்லை. சுவிட்சர்லாந்தில் பயிற்சியோடு தொழில்சார் முதிர்வுத் தேர்வையும் (உயர்கல்விக்குத் தகுதி தரும் தேர்வு) எழுதித் தேறியவர்கள் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களில் சேரலாம். ஜெர்மனியில் பயிற்சி முடித்த பிறகு மைஸ்டர் (தொழில் வல்லுநர்) தேர்வு எழுதி, சொந்தமாகப் பட்டறை வைத்துப் பிறருக்குக் கற்றுத்தரும் தகுதி பெறலாம். பிரிட்டனில் பட்டப்படிப்பையே அப்ரண்டிஸ்ஷிப்பாக முடிக்கலாம். உங்கள் நாட்டில் என்ன பாலம் இருக்கிறது என்று பயிற்சி நடக்கும்போதே விசாரித்து வையுங்கள், ஏனென்றால் சிலவற்றுக்கு வயது வரம்பும் விண்ணப்பத் தேதியும் உண்டு.

வெளியேறும் வாரத்தில் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். உங்களுக்குக் கற்றுத்தந்தவரிடம், நீங்கள் தனியாகச் செய்யக்கூடிய வேலைகளின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள்; "நல்ல நடத்தை உடையவர்" என்று மட்டும் இருக்கும் கடிதத்தால் பெரிய பயன் இல்லை. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களைப் பற்றி விசாரித்தால் பேசுவாரா என்று கேட்டு அவருடைய எண்ணை வாங்கி வையுங்கள். அப்புறம் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, உங்களுக்கு இப்போது முழுதாகச் செய்யத் தெரிந்த வேலைகளை ஒரே தாளில் எழுதுங்கள். அடுத்த நேர்காணலுக்கு அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.