ஒரே கீபோர்டு, ஏழு கணினி: இரண்டு கேவிஎம் சுவிட்சை இணைத்த கதை

ஒரே கீபோர்டு, மானிட்டரைப் பல கணினிகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்த உதவும் பெட்டிதான் கேவிஎம் சுவிட்ச். என்னிடம் இருந்தது நாலு போர்ட் கொண்டது, கணினிகளோ ஏழு. எட்டு போர்ட் வாங்கக் காசு போதாமல், அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, முதல் சுவிட்சின் நாலாவது போர்ட்டிலிருந்து வரும் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ வயர்களை இரண்டாவதின் கீபோர்டு, மானிட்டர் துளைகளில் செருகினேன். ஒரு போர்ட் இதற்கே போய்விடும், அதனால் நாலும் நாலும் ஏழு.

படம் வந்தது. கீபோர்டு மட்டும் செத்துக் கிடந்தது.

ரெண்டு நாள் வயரைச் சந்தேகப்பட்டேன், வீண். இரண்டாவதின் கீபோர்டு துளை நேரடியாக ஒரு கீபோர்டை எதிர்பார்க்கிறது, முதல் சுவிட்சோ தன்னை ஒரு ஹப்பாக, அதாவது ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாகப் பிரிக்கும் கருவியாகக் காட்டிக்கொள்கிறது. பக்கத்தில் இருந்த சாதாரண யூஎஸ்பி துளைக்கு மாற்றியதும் தட்டிய எழுத்து வந்துவிட்டது. ஆனால் அந்தத் துளையில் ஹாட்கீ, அதாவது கீபோர்டிலிருந்தே கணினியை மாற்றும் கட்டளை, எடுபடாது. அதுவும் இல்லாமல் ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டினால் முதல் சுவிட்சே அதை விழுங்கிவிடுகிறது. சரி போகட்டும் என்று இரண்டாவதை மேசைமேல் வைத்து, பட்டனை அமுக்கித்தான் மாற்றுகிறேன்.

அப்புறம், அதற்குத் தனியாக 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். யூஎஸ்பி மின்சாரத்தை மட்டும் நம்பியிருந்தபோது, அதிலுள்ள கணினிகளை அணைத்ததும் சுவிட்சும் சேர்ந்து படுத்துக்கொண்டது.