இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை லினக்ஸ் தானாகவே மவுன்ட் செய்ய எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி

கணினியை ஆன் செய்ததும் ஃபைல் மேனேஜரைத் திறந்து, உள்ளே இருக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை சொடுக்கினால்தான் பாட்டு கேட்க முடியும். இப்படியே பல மாதம் ஓட்டினேன். மறந்துபோய் பிளேயரை முதலில் திறந்துவிட்டால் போச்சு, ஒரு பாட்டும் இல்லை என்று லைப்ரரியையே காலி செய்து வைத்திருக்கும். இதைத் தீர்க்க, எந்த டிஸ்க்கை எந்தக் கோப்புறையில் மவுன்ட் செய்ய (அதாவது இணைக்க) வேண்டும் என்று லினக்ஸ் பூட் ஆகும்போது பார்க்கும் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரே ஒரு வரி போதும். அதே வரியைத் தப்பாக எழுதிவிட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவமும் எனக்கு உண்டு.

டிஸ்க்கில் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட் செய்துவிட்டீர்கள், சூடோ உரிமை (நிர்வாகியாகக் கட்டளை கொடுக்கும் உரிமை) இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளைச் சொல்லும் ஒலியிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தை அங்கேயே சொல்கிறேன்.

க்னோம் டிஸ்க்ஸ் போன்ற வரைகலைக் கருவியிலும் இதைச் செய்யலாம். அதுவும் கடைசியில் இதே கோப்பில்தான் எழுதுகிறது. ஏதாவது கோளாறு வந்தால் கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும் என்பதால், முதலிலேயே கையால் எழுதிப் பழகுவது நல்லது என்பது என் கட்சி.

1. டிஸ்க்கின் அடையாள எண்

ஃபைல் மேனேஜரில் டிஸ்க் திறந்திருந்தால் அன்மவுன்ட் செய்துவிட்டு, டெர்மினலில் இதைத் தட்டுங்கள்:

எல்எஸ்பிஎல்கே -எஃப்

எல்லா பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும். லேபிளையும் ஃபைல் சிஸ்டம் வகையையும் வைத்து உங்களுடையதைக் கண்டுபிடித்து, அதன் நேரே இருக்கும் யூயூஐடி எண்ணைக் காப்பி செய்யுங்கள். எஸ்டிஏ1, எஸ்டிபி1 என்ற பெயர்களை நம்ப வேண்டாம். இன்று எஸ்டிபியாக இருப்பது அடுத்த முறை பூட் ஆகும்போது எஸ்டிஏ ஆகலாம். யூயூஐடி அப்படி மாறாது, திரும்ப ஃபார்மேட் செய்தாலோ நீங்களே மாற்றினாலோதான் மாறும்.

நான் வழுக்கியது இங்கேதான். பிளாக்ஐடி என்று இன்னொரு கட்டளை உண்டு, பல விளக்கங்களில் அதைத்தான் சொல்வார்கள். அது ஒரே வரியில் யூயூஐடியையும் கொடுக்கும், பார்ட்யூயூஐடி என்ற இன்னொரு எண்ணையும் கொடுக்கும். முன்னது ஃபைல் சிஸ்டத்துக்கு, பின்னது பார்ட்டிஷனுக்கு. தூக்கக் கலக்கத்தில் இரண்டாவதைக் காப்பி செய்து முதலாவதன் இடத்தில் ஒட்டினேன். அன்றிலிருந்து எல்எஸ்பிஎல்கே -எஃப்தான், அதில் அந்த இரண்டாவது எண் வருவதே இல்லை.

2. டிஸ்க் வந்து உட்காரும் கோப்புறை

சூடோ எம்கேடிஐஆர் /எம்என்டி/டேட்டா

பெயர் உங்கள் இஷ்டம், நடுவில் இடைவெளி மட்டும் வேண்டாம். எஃப்எஸ்டேப்பில் இடைவெளிதான் ஒரு புலத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கிறது. இடைவெளி வேண்டுமென்றே அடம்பிடித்தால் அந்த இடத்தில் \040 என்று எழுத வேண்டும்.

3. அந்த ஒரு வரி

முதலில் நகல்:

சூடோ சிபி /ஈடிசி/எஃப்எஸ்டேப் /ஈடிசி/எஃப்எஸ்டேப்.பேக்

அப்புறம் நேனோ என்ற எடிட்டரில் திறவுங்கள். விஐஎம் எடிட்டர் பெரிய கருவிதான், ஆனால் வெளியே வரத் தெரியாமல் முழிப்பதற்கு இது நேரமில்லை.

சூடோ நேனோ /ஈடிசி/எஃப்எஸ்டேப்

இருக்கும் வரிகளில் கை வைக்காமல், கடைசியில் சேர்க்க வேண்டியது:

யூயூஐடி=உங்கள்-எண் /எம்என்டி/டேட்டா இஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

தொடக்கத்தில் வரும் யூயூஐடி என்ற சொல் மட்டும் பெரிய எழுத்து. எண்ணைக் காப்பி செய்தபடியே ஒட்டுங்கள். இஎக்ஸ்டி4 என்பது ஃபைல் சிஸ்டத்தின் வகை. டிஃபால்ட்ஸுக்கும் நோஃபெயிலுக்கும் நடுவே காற்புள்ளி மட்டும்தான், இடைவெளி கூடாது. 0 என்பது டம்ப் என்ற பழைய பேக்கப் நிரலுக்கானது, அதை அப்படியே விடுங்கள். 2 என்பது பூட் ஆகும்போது டிஸ்க்கைப் பரிசோதிக்கும் வரிசை. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு 1, மற்றவற்றுக்கு 2, பரிசோதனையே வேண்டாமென்றால் 0. சேமித்து வெளியே வர கன்ட்ரோல்+ஓ, என்டர், கன்ட்ரோல்+எக்ஸ். முடிந்தது.

நோஃபெயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்று என் வரியில் அது இல்லை. ரீஸ்டார்ட் செய்தேன். கருப்புத் திரை, சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஓடுகின்றன, பக்கத்தில் நொடிக் கணக்கு. இல்லாத டிஸ்க்குக்காக சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) 90 நொடி காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்தியது. நோஃபெயில் இருந்திருந்தால் டிஸ்க் இல்லாமலே பூட் ஆகியிருக்கும்.

அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரூட் (நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்து உள்ளே போய், எஃப்எஸ்டேப்பைத் திறந்து நீங்கள் சேர்த்த வரியின் முன்னால் # போட்டு ரீபூட் செய்தால் போதும். படிக்க மட்டுமே முடியும் என்று சேமிக்க மறுத்தால் இதைக் கொடுத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள்:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /

உபுன்டு வகைகளில் ரூட் கணக்கு பூட்டியிருக்கும் என்பதால் சில பதிப்புகளில் உள்ளேயே விடாது. எனக்கு நடந்தது அதுதான். லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) போட்டு பூட் செய்து, உள்ளே இருக்கும் ரூட் பார்ட்டிஷனைத் திறந்து, அதிலுள்ள எஃப்எஸ்டேப்பைத் திருத்தினேன்.

4. ரீஸ்டார்ட்டுக்கு முன் சோதனை

சூடோ சிஸ்டம்சிடிஎல் டெமன்-ரீலோட்
சூடோ மவுன்ட் -ஏ
ஃபைன்ட்எம்என்டி /எம்என்டி/டேட்டா

முதலாவது, கோப்பு மாறியதை சிஸ்டம்டிக்குச் சொல்கிறது. இரண்டாவது, எஃப்எஸ்டேப்பில் இருப்பதையெல்லாம் இப்போதே மவுன்ட் செய்கிறது. அது ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்க்கே இல்லையென்றாலும் புகார் சொல்லாதே என்பதுதான் நோஃபெயிலுக்கு அர்த்தம், எண் தப்பாக இருந்தாலும் அது மௌனமாகத்தான் இருக்கும். அதனால்தான் மூன்றாவது கட்டளை. டிஸ்க் விவரம் வந்தால் சரி, வெறுமையாக இருந்தால் எண்ணைத் திரும்பப் பாருங்கள். எங்கே தப்பு என்று புரியவில்லையென்றால் ஃபைன்ட்எம்என்டி --வெரிஃபை என்று கேளுங்கள், பிழையைச் சுட்டிக்காட்டும்.

5. எழுத விடவில்லையா?

புதிதாக ஃபார்மேட் செய்த இஎக்ஸ்டி4 டிஸ்க் பெரும்பாலும் ரூட் பெயரில் இருக்கும். மவுன்ட் ஆன பிறகு:

சூடோ சிஎச்ஓடபிள்யூஎன் உங்கள்பெயர்: /எம்என்டி/டேட்டா

"மவுன்ட் ஆன பிறகு" என்பதுதான் இதில் முக்கியம். முன்னாலேயே கொடுத்தால் காலிக் கோப்புறைக்குத்தான் உரிமை மாறும். டிஸ்க் அதன்மேல் வந்து உட்கார்ந்ததும் பழைய கதைதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ரீஸ்டார்ட் ஆனது.

பின்சேர்க்கை 1: விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் டிஸ்க் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். வகையின் இடத்தில் என்டிஎஃப்எஸ்-3ஜி, கடைசி எண் 2க்குப் பதில் 0. சிஎச்ஓடபிள்யூஎன் கொடுப்பதற்குப் பதிலாக, நோஃபெயிலுக்கு அடுத்துக் காற்புள்ளி போட்டு யூஐடி=1000,ஜிஐடி=1000 என்று சின்ன எழுத்தில் சேர்த்துவிடுங்கள். உங்கள் பயனர் எண் 1000தானா என்று ஐடி கட்டளை சொல்லும். படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். விண்டோஸுக்குள் போய் அதை அணைத்துவிட்டு, முழுதாக ஷட்டவுன் செய்து வாருங்கள்.

பின்சேர்க்கை 2: மவுன்ட் ஆகிறது, ஆனால் ஃபைல் மேனேஜரின் பக்கப்பட்டியில் காணோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். க்னோம் வகை டெஸ்க்டாப்கள் /எம்என்டியில் இருப்பதைக் காட்டுவதில்லை. எக்ஸ்-ஜிவிஎஃப்எஸ்-ஷோ என்பதையும் அந்தக் காற்புள்ளி வரிசையில் சேர்த்தால் காட்டும்.

பின்சேர்க்கை 3: நோஃபெயிலுக்கு ஒரு மறுபக்கம் இருப்பதை இன்னொரு வாசகர் நினைவூட்டினார். கேபிள் கழன்று டிஸ்க் மவுன்ட் ஆகாத நாளில், அவருடைய பேக்கப் நிரல் அது தெரியாமல் அதே பெயரிலிருந்த காலிக் கோப்புறைக்குள் எல்லாவற்றையும் கொட்டி, ரூட் பார்ட்டிஷனை நிரப்பிவிட்டது. ரூட் இஎக்ஸ்டி4 என்றால் வழி இருக்கிறது. டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டு இதைக் கொடுங்கள்:

சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/டேட்டா

இனி காலிக் கோப்புறைக்குள் ரூட்கூட எழுத முடியாது, டிஸ்க் மவுன்ட் ஆவதற்கு எந்தத் தடையும் இல்லை. நானும் என் கணினியில் போட்டுவிட்டேன்.