கோபம் வந்திருக்கு, கதவைத் திற: மூன்று வயதுக்காரருக்கு ஒரு மாவு விளையாட்டு

என் மகளுக்கு மூன்று வயது. பசி, பயம், கோபம், தூக்கம் எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்தது ஒரே மொழி, அழுகை. ஒருநாள் அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே "உனக்குக் கோபமா, வருத்தமா, சொல்லு" என்று கேட்டேன். கரண்டி பறந்து வந்தது. அழுகிற நேரம் பாடம் நடத்துகிற நேரம் இல்லை. வயிறு நிறைந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது விளையாட்டாகக் கற்ற உணர்ச்சியின் பெயர்தான் அப்புறம் கைகொடுக்கும்.

முதலில் மாவு. சப்பாத்திக்குப் பிசைந்ததில் நாலு உருண்டை எடுத்துத் தட்டையாக்குங்கள். கண்ணுக்கு விரலால் இரண்டு குழி போதும். மிளகு, கடலை வேண்டவே வேண்டாம், மூக்குக்குள் போய்விடும். வாய்க்கும் புருவத்துக்கும் மாவையே நூலாக உருட்டி ஒட்டுங்கள். எல்லோரும் வாயை மட்டும் வளைத்துவிட்டு விடுவார்கள், ஆனால் சூட்சுமம் புருவத்தில் இருக்கிறது: மூக்குப் பக்கத்து முனையைக் கீழே இறக்கினால் கோபம், அதே முனையை மேலே தூக்கினால் சோகம், புருவம் மொத்தமும் உயர்ந்து கண்குழி பெரிதாகி வாயும் திறந்தால் பயம். சந்தோஷத்துக்கு வாயே போதும். புருவத்தைக் குழந்தையே நகர்த்தட்டும், "ஐயோ, கோபம் சோகமாயிடுச்சு!" என்று அது கண்டுபிடிக்கிற நொடிக்காகத்தான் இவ்வளவு மாவும். தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சி, எட்டு என்றார். நமக்கு இப்போதைக்கு நாலு போதும். பொறாமையும் ஏமாற்றமும் பிறகு வரட்டும்.

அடுத்து கண்ணாடி முன்னால் நின்று அதே நாலு முகம். இரண்டு நிமிடம், அவ்வளவுதான்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழில் நாம் "எனக்குக் கோபம் வருது" என்றுதானே சொல்கிறோம், கோபம் ஏதோ வெளியூரிலிருந்து வருகிற மாதிரி? அதையே விளையாட்டாக்குங்கள். ஒரு மாவு முகத்தைக் கையில் பிடித்துக் கதவைத் தட்டி, "யார் வந்திருக்கா?" என்று கேளுங்கள். குழந்தை பெயர் சொன்னால் விருந்தாளி உள்ளே வரலாம். எதுக்கு வந்தீங்க என்று விசாரிக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், டாட்டா சொல்லி அனுப்பலாம். கோபத்தை மட்டும் வில்லனாக்கிவிடாதீர்கள். வந்த விருந்தாளி யாரையும் அடிக்கக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். பெயரைத் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், "அப்படியா, எனக்குப் பயந்த மாதிரி தெரியுதே" என்றால் போதும்.

சரி, பெயர் சொல்வதில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு: 2007இல் வெளிவந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், கோபமான, பயந்த முகங்களைப் பார்த்த பெரியவர்கள் அந்த உணர்ச்சிக்கு ஏற்ற பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, அபாயமணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதி சற்று அடங்கியது. குழந்தைகளிடம் செய்த ஆய்வு இல்லைதான், ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நாலு முகமும் பழகிய பிறகு, "கோபம் உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். என் மகள் பல்லைக் காட்டினாள்.

போன வாரம் தாத்தா ஊருக்குக் கிளம்பியபோது வாசலில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். "அம்மா, சோகம் வந்திருக்கு."

"உள்ளே கூப்பிடட்டுமா?"

"அது அப்பவே வந்து உக்காந்திருச்சு."