குளத்து நீரில் புரோட்டிஸ்ட்டுகளைத் தேடுவது எப்படி? சூழல் டிஎன்ஏ செய்முறை

பாரமீசியம், அமீபா, டயாட்டம் என்று பாடநூலில் படித்தவை குளத்திலுள்ள புரோட்டிஸ்ட்டுகளில், அதாவது உட்கரு கொண்ட, பெரும்பாலும் ஒருசெல்லாலான உயிரிகளில், சிறு பங்குதான். நிறமற்ற, ஐந்தாறு மைக்ரான் அளவேயுள்ள கசையிழை உயிரிகளை நுண்ணோக்கியில் பிரித்தறிவது மிகக் கடினம். நீரிலுள்ள டிஎன்ஏவை, அதாவது சூழல் டிஎன்ஏவைப் படித்தால் அவையும் பிடிபடும். ஆனால் வேலை பெரும்பாலும் கெடுவது குளக்கரையில்.

முந்தைய நாளே பாட்டில், இடுக்கி, வடிகட்டும் புனல் எல்லாவற்றையும் ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்த கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, நான்கைந்து முறை சுத்த நீரில் அலசுங்கள். பிளீச் மிச்சமிருந்தால் மாதிரியின் டிஎன்ஏவும் சிதையும். ஸ்பிரிட்டால் துடைப்பது போதாது. அது செல்லைக் கொல்லும், டிஎன்ஏவை விட்டுவைக்கும்.

நீரில் இறங்கிக் கலக்காதீர்கள். சேறு கிளம்பினால் அடியில் கெட்டிச் சுவருக்குள் உறங்கும் செல்களான சிஸ்டுகளும் செத்த செல்களின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். கையுறையோடு மூன்று இடங்களில் தலா ஒரு லிட்டர் எடுத்து, ஒன்றாகக் கலக்காமல் ஐஸ் பெட்டியில் இருட்டாக வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வடிகட்டுங்கள். பாட்டிலுக்குள்ளும் பாரமீசியம் போன்ற, குற்றிழை கொண்ட சிலியேட்டுகள் சிறியவற்றைத் தின்றுகொண்டேதான் இருக்கும்.

முதலில் 200 மைக்ரான் நைலான் வலை. கோபிபோடு என்ற நுண்ணிய ஓட்டுடலி ஒன்றே ஒன்று உள்ளே போனாலும், கடைசியில் படிக்கும் டிஎன்ஏ வரிசைகளில் பெரும்பங்கை அதுவே பிடித்துக்கொள்ளும். இதனால் ஸ்டென்டர், பெரிய வால்வாக்ஸ் போன்ற பெரிய புரோட்டிஸ்ட்டுகளும் வலையிலேயே நின்றுவிடும் என்பதைக் குறித்துவையுங்கள். பிறகு 0.45 மைக்ரான் வடிதாள். தெளிந்த நீர் அரை லிட்டருக்கு மேல் இறங்கும். பச்சைக் குளத்து நீர் 100 மில்லியிலேயே அடைத்துக்கொள்ளும். அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், மென்மையான செல்கள் வெடித்து டிஎன்ஏ கீழே ஒழுகிவிடும். அடைத்தால் நிறுத்தி, இறங்கிய அளவை எழுதுங்கள். தாளை இடுக்கியால் உட்புறமாக மடித்து, 95 சதவீத எத்தனாலில் முழுக்கி உறைகுளிரில் வையுங்கள்.

சுத்த நீர் ஒரு பாட்டிலைக் குளத்துக்குக் கொண்டுபோய் அதையும் அப்படியே வடிகட்டுங்கள். இந்த வெற்று மாதிரி இல்லாத தரவை நம்ப முடியாது. அதிலும் குளத்து இனங்கள் தென்பட்டால் கருவியில் பழைய நீர் ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

டயாட்டத்தின் சிலிக்கா ஓடும் சிஸ்டின் சுவரும் வெறும் நொதிக்கு எளிதில் உடையாது. கண்ணாடி மணிகளோடு ஒரு நிமிடம் குலுக்கி, ஐஸில் வைத்து, மறுபடி ஒரு முறை குலுக்குங்கள். அதற்கு மேல் போனால் டிஎன்ஏ துண்டாகி, அதை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் இரண்டு உயிர்களின் வரிசைகள் ஒட்டிய போலி வரிசைகள் பெருகும். பிசிஆர் வரவில்லையா? டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். நீர்த்த பின் வந்தால் மக்கிய இலைகளின் ஹியூமிக் அமிலம் தடுத்திருக்கிறது. பிஎஸ்ஏ புரதம் சேர்ப்பது உதவும்.

பெருக்க வேண்டியது, 18எஸ் என்ற ரைபோசோம் மரபணுவில் உயிருக்கு உயிர் மாறும் வி4 அல்லது வி9 பகுதி. கடலின் மிதவையுயிரிகளை ஆராய்ந்த டாரா ஓஷன்ஸ் கடற்பயணம் (2009–2013) வி9 பகுதியைப் பயன்படுத்தியது. வி4 நீளமானது, இனத்தை நெருங்கி அடையாளம் காட்டும். ஆனால் யூக்ளினா வகைகளின் 18எஸ் வெகுவாக மாறியிருப்பதால் வழக்கமான வி4 பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) அவற்றில் பலவற்றைத் தவறவிடும். குளம் முழுக்க யூக்ளினாப் படலம் மிதக்கும்போதும் பட்டியலில் அது இல்லாமல் போகலாம். ஆகவே 100 மில்லி நீரில் செல்களைக் கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசலைப் பால் சேர்க்காத தேநீர் நிறம் வரும்வரை சொட்டி, நுண்ணோக்கிக்கெனத் தனியாக வையுங்கள்.

பெருக்கிய டிஎன்ஏவைப் படித்துக் கிடைக்கும் வரிசைகளை, பிழைகளை நீக்கும் டாடா2 மென்பொருளில் சுத்தம் செய்து, 18எஸ் வரிசைகளைத் தொகுத்த பிஆர்2 தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள். கிடைக்கும் வரிசைகளின் எண்ணிக்கையை உயிர்களின் தலைக்கணக்காகக் கொள்ளக்கூடாது. சில நுண்பாசிகளில் 18எஸ் ஒரு சில நகல்களே. ஒரு சிலியேட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும். சிலியேட்டையும் பாசியையும் ஒன்றோடொன்று ஒப்பிடாமல், ஒரே இனத்தின் பங்கு கோடையிலும் மழைக்காலத்திலும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.