நோர்வேஜிய மொழியில் குளிர்காலம்: தமிழர் சறுக்கும் இடங்கள்

நோர்வேயில் எனக்கு முதல் ஜனவரி. பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மூதாட்டி வாசலில் நின்று, “பஸ் போ! டெ ஆர் க்ளட்!” என்று கத்தினார். மகிழ்ச்சி என்று பொருள்படும் ஒரு சொல்லை வகுப்பில் படித்திருந்தேன். எழுதும்போது அதன் கடைசியில் ‘ட்’ உண்டு. சொல்லும்போது ‘க்ளா’ என்று நின்றுவிடும். அந்த வேறுபாடு அப்போது தெரியாது. ஏதோ சந்தோஷமாகச் சொல்கிறார் என்று கையசைத்துவிட்டு இன்னும் வேகமாக ஓடினேன். நாலாவது அடியில் விழுந்தேன். மணிக்கட்டு வீக்கம் வற்ற மூன்று வாரம் ஆனது. ‘பஸ் போ’ என்றால் கவனம். ‘க்ளட்’ என்றால் வழுக்குகிறது.

அதன் பிறகு, புதிதாக வரும் எம்மவர்களோடு உட்கார்ந்து மொழி பழகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்து வருகிறேன். சொல் தெரியாததால் வரும் தவறு குறைவு. தமிழில் ஒரே சொல்லால் முடிந்துவிடும் காரியத்துக்கு நோர்வேஜிய மொழி இரண்டு மூன்று சொற்கள் வைத்திருக்கிறது. அங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறோம்.

முதலில் ‘பனி’. மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி, வானத்திலிருந்து வெள்ளையாக விழுவதும் பனி, உறைந்து கல்லாகக் கிடப்பதும் பனிக்கட்டி. நோர்வேக்காரருக்கு இவை வேறு வேறு பொருள்கள். புல்லில் உள்ள துளி ‘டுக்’, அது உறைந்து வெண்படலமானால் ‘ரீம்’. மூட்டம் ‘டோக்கெ’. விழுவது ‘ஸ்னோ’, உறைந்தது ‘ஈஸ்’. “வாசலில் நிறைய ஈஸ்” என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் காலணியில் மாட்டும் இரும்பு முள்ளான ‘ப்ரொட்டெர்’ தேடுவார். “நிறைய ஸ்னோ” என்றால் மண்வாரி தேடுவார். ஸ்னோவை வாரி ஒதுக்குவதற்கு ‘மோக்கெ’ என்று தனி வினையே உண்டு. கடற்காகத்துக்கும் அதே ஒலிதான், குழம்ப வேண்டாம்.

விழும்போது ஒரு பெயர், கிடக்கும்போது வேறு பெயர் என்பதும் உண்டு. மழையும் ஸ்னோவும் கலந்து விழுந்தால் ‘ஸ்லுட்’. தரையில் பாதி உருகிச் சேறுபோலக் கிடந்தால் ‘ஸ்லப்ஸ்’. கையில் பிடித்தால் உருண்டையாக ஒட்டுகிற ஈர ஸ்னோ ‘க்ரம்’. பிள்ளைகள் பொம்மை செய்யக் காத்திருப்பது அதற்குத்தான். செய்தியில் ‘உண்டெர்ஹ்யோல்ட் ரைன்’ என்று காதில் விழுந்தால் மட்டும் கையில் உள்ள வேலையை விட்டுவிட்டுக் கேளுங்கள். தரையைத் தொட்டதும் உறைந்துபோகும் மழை அது. பத்து நிமிடத்தில் தெரு கண்ணாடியாகிவிடும்.

ஸ்னோ என்று எழுதினாலும் அது ஆங்கில உச்சரிப்பு அல்ல. நாக்கை ‘ஏ’ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் ‘ஓ’ போலக் குவியுங்கள். கண்ணாடி முன் நின்று பழகினால் வந்துவிடும்.

‘பனி பெய்யுது’ என்பதை அப்படியே மாற்றி ‘ஸ்னோ ரைனெர்’ என்பவர்கள் உண்டு. ஸ்னோ மழையாகாது, அதற்கே வினை இருக்கிறது: ‘டெ ஸ்னோர்’. முன்னால் வரும் ‘டெ’வை விழுங்கிவிடக் கூடாது. தமிழில் ‘குளிருது’ என்றாலே வாக்கியம் நிறைந்துவிடுகிறது. அங்கே எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. ‘டெ ஸ்னோர்’, ‘டெ ரைனெர்’, ‘டெ ப்ளோசெர்’ என்று காற்று வீசுவதற்கும் அது வேண்டும். ‘இன்று’ என்று தொடங்கினால் வினை இரண்டாம் இடத்தில்தான் நிற்க வேண்டும்: ‘இ டாக் ஸ்னோர் டெ’. ‘இ டாக் டெ ஸ்னோர்’ என்பது எம்மவரிடம் பத்து வருடம் கழித்தும் கேட்கும் தவறு.

அடுத்தது இந்தக் ‘குளிருது’. ஊர் முழுக்கக் குளிர்ந்தாலும் அதே சொல், எனக்கு மட்டும் என்றாலும் ‘எனக்குக் குளிருது’. நோர்வேஜியத்தில் வெளிக்குளிர் ‘டெ ஆர் கால்ட்’. என் உடம்பு உணரும் குளிர் ‘யை ஃப்ரூசெர்’. இதற்குப் பதில் ‘யை ஆர் கால்’ என்றால், இரக்கமில்லாத மனிதன் என்று தன்னைத்தானே சொல்வதுபோலவும் கேட்கும். விரல் மட்டும் விறைத்தால் ‘யை ஃப்ரூசெர் போ ஃபிங்ரெனெ’. ‘டெ ஃப்ரூசெர்’ என்றால் தண்ணீர் உறைகிற குளிர். சளி பிடித்திருந்தால் இவை எதுவும் அல்ல, ‘யை ஆர் ஃபொர்ஹ்யோலெட்’. எண்பதுகளில் வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளுக்குப் போன எம்மவர் முதலில் கேட்டது ‘ஏ ஃப்ரூஸ்’ என்பதை. ‘யை ஃப்ரூசெர்’ என்பதன் வட்டார வழக்கு அது, பிழையல்ல.

‘குளிர்காலத்தில்’ என்பதும் பிரிகிறது. ஆண்டுதோறும் என்றால் ‘ஒம் வின்டெரென்’. இந்தக் குளிர்காலம் என்றால் ‘இ வின்டெர்’. வரப்போவது ‘டில் வின்டெரென்’. எம்மவர் வாயில் வரும் ‘இ வின்டெரென்’ இந்த மூன்றில் எதுவும் இல்லை.

‘வெளியே’யும் அப்படித்தான். வெளியே போகிறேன் என்றால் ‘ஊட்’, வெளியே குளிராக இருக்கிறது என்றால் ‘ஊட்டெ’. ஒரு சின்ன ‘எ’தான். அசைவு இருந்தால் அது வராது.

வெப்பநிலையைச் சொல்லும்போது எண்ணை முன்னால் வைத்து ‘டீ மீனுஸ்’ என்பார்கள், அதாவது பத்து மைனஸ். 1886 ஜனவரி 1 அன்று காரஷொக்கில் பதிவான மைனஸ் 51.4 தான் அந்த நாட்டின் மிகக் குறைந்த அளவு. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ‘குளிரில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். பேர்கனில் பிளஸ் 1, மழை, கடற்காற்று மூன்றும் சேர்ந்தால், உள்நாட்டின் காற்றில்லாத மைனஸ் 10-ஐ விட எலும்பில் ஏறும். அதற்கு ‘டெ ஆர் சூர்ட்’ என்பார்கள். சூர்ட் என்றால் புளிப்பு. கடைவாய் கூசுகிற மாதிரி உடம்பு கூசுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

வானிலை ஆய்வு நிலையமும் என்.ஆர்.கே. ஒலிபரப்பும் சேர்ந்து 2007-இல் தொடங்கிய ‘யூர்’ வானிலைச் சேவையின் செயலியைக் காலையில் திறப்பது அங்கே பல் துலக்குவது போன்ற பழக்கம். யூர் என்றால் தூறல். அதைத் திறந்ததும் வாய்விட்டு மூன்று வாக்கியம் சொல்லிப் பழகுங்கள்: எத்தனை பாகை, வானத்திலிருந்து என்ன விழுகிறது, தரை எப்படி இருக்கிறது. மூன்றாவதைச் சொல்லாமல் படியிறங்க வேண்டாம்.