முந்திரிக்கொட்டையை நல்ல விலைக்கு விற்பது எப்படி?

மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டிப் பக்கம் ஓரிரு ஏக்கரில் முந்திரி வைத்திருப்போர், பொறுக்கிய அன்றே ஈரக்கொட்டையைத் தோப்பிலேயே வியாபாரிக்குப் போட்டுவிடுவதுதான் முதல் இழப்பு. பழுத்துத் தானாக உதிர்ந்தவற்றை மட்டும் எடுத்து, பழச்சதை ஒட்டாமல் திருகி, இரண்டு மூன்று நாள் வெயிலில் கிளறிவிட்டு உலர்த்துங்கள். ஈரப்பதம் சுமார் 8 விழுக்காட்டுக்கு இறங்கிய கொட்டை, அள்ளிக் குலுக்கினால் கலகலவென ஒலிக்கும், நகத்தால் அழுத்தினாலும் ஓட்டில் தடம் பதியாது. சணல் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கினால், விலைக்காகச் சில மாதங்கள் பொறுத்திருக்கலாம்.

விலை பேசுமுன், ஒரு கிலோவை உடைத்துப் பருப்பை எடைபோடுங்கள் (ஓட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்கும், கையுறை அவசியம்). நல்ல கொட்டையில் கால் பங்குக்கு மேல் பருப்பு தேறும். இந்தக் கணக்கு கையில் இல்லாதவர் அடுத்தவர் சொல்லும் தரத்தை ஏற்கத்தான் வேண்டியிருக்கும் என்பதால், இதையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஐந்து மூட்டைக்காகப் பண்ருட்டி முந்திரி ஆலைக்காரர் வண்டி அனுப்பமாட்டார். பக்கத்துத் தோப்புக்காரர்களோடு சேர்ந்தோ, உழவர்களே பங்குதாரராக உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ ஒரு லாரிச் சுமையைத் திரட்டுங்கள். அவசரப் பணத்துக்கு விளைச்சல்மேல் முன்பணம் வாங்காமல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் (விளைபொருளை ஈடாக வைத்துப் பெறும் கடன்) கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.